பதிவேட்டில் ஏறிய நீர்நாய்

அந்தமானில் நீர்நாய் கிடையாது. முதலை உண்டு, விரல் நீளப் பூரான் உண்டு, தேங்காயைப் பிளந்து தின்னும் நண்டு உண்டு, கப்பலில் வந்து இறங்கிய மறுநாளே திரும்பிப் போக மனுப் போடும் அதிகாரிகள் உண்டு. நீர்நாய் மட்டும் கிடையாது. இந்த விவரம் தெரியாத ஒரே அலுவலகம், நீர்நாய்களுக்காகவே திறக்கப்பட்ட அலுவலகம்தான்.

உள்நாட்டு மீன்குளப் பாதுகாப்பு இயக்ககம் என்று அதற்குப் பெயர். மெயின்லேண்டில் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் நீர்நாய்கள் மீன்பண்ணைகளைச் சூறையாடியதால் ‘நீர்நாய்த் தொல்லை தணிப்புத் திட்டம்’ என்று ஒன்றை அங்கே போட்டார்கள். திட்டம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். தீவுக்குக் கப்பலில் ஆறு இரும்புக் கூண்டுகளும், இரண்டாயிரம் மனுப் படிவங்களும், ஓர் இணை இயக்குநரும் வந்து இறங்கினார்கள். கூண்டுகளில் ஐந்து கிடங்கில் துருப்பிடித்தன. ஆறாவதில் இரவுக் காவலாளி கோழி வளர்த்தார். இணை இயக்குநர் திருநாவுக்கரசு தம் அறையில் இருந்தார்.

முத்துகிருஷ்ணன் அந்த அலுவலகத்துக்குப் போனது அறியாமையால் அல்ல, அவசரத்தால். சாத்தம் மரமில்லில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கராச்சர்மா கிராமத்தைத் தாண்டிப் பள்ளமான இடத்தில் ஒரு குளம் வெட்டி, பக்கத்தில் சின்னதாக ஒரு குஞ்சு பொரிப்பகமும் கட்டியிருந்தார். மெயின்லேண்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் வரும் மீன்குஞ்சுகளில் பாதி வந்து சேர்வதற்குள் வயிறு மேலாகிவிடும். குஞ்சை இங்கேயே பொரிக்கலாமே என்று கட்லாவும் ரோகுவுமாக நாற்பத்திரண்டு தாய் மீன்களை நான்கு வருடம் வளர்த்து வைத்திருந்தார். மழை இறங்கினால் அவை முட்டைக்குத் தயாராகும். இந்த மழையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும். தாய் மீனே போனால் நான்கு வருடம் போகும். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

சித்திரை பிறந்ததும் ஓர் உடும்பு வர ஆரம்பித்தது. ஐந்தரை அடி இருக்கும். ஓடைப் பக்கத்திலிருந்து காலை பத்து மணிக்கு வரும், குளத்தில் இறங்கி, மாட்டிய நாளில் ஒரு தாய் மீனைக் கவ்விக்கொண்டு, கரையில் வைத்து நிதானமாகத் தின்னும், பதினொன்றுக்குப் போய்விடும். அரசு அலுவலகங்கள் இருக்கும் ஊரில் இவ்வளவு நேரம் தவறாத ஒரு ஜீவனை முத்துகிருஷ்ணன் பார்த்ததில்லை. உடும்பைத் தொட்டால் ஜெயில் என்று டீக்கடை வரைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே முறையாகப் போவோம், அரசாங்கக் கூண்டிலேயே பிடித்து அரசாங்கத்திடமே கொடுத்துவிடுவோம் என்று கிளம்பினார்.

“முறையாப் போறீகளாக்கும்?” என்றாள் அவர் மனைவி பேச்சியம்மா. “போங்க. மீனு அதுவரைக்கும் வரிசையில நிக்கும்.”

அலுவலகத்தில் வேலை தெரிந்தவர் என்று ஒருவர்தான் இருந்தார். எழுத்தர் வைஜெயந்தி. தீவிலேயே பிறந்த பெண். படிவத்தை முத்துகிருஷ்ணன் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டாள்.

“பதினேழாவது கேள்வி, அண்ணே. ‘மீனைத் தின்பது நீர்நாயா? ஆம், இல்லை.’ டிக் போடுங்க.”

“இல்லம்மா. உடும்பு.”

“இல்லைன்னு போட்டா மனு அங்கயே முடிஞ்சிரும். அடுத்த பக்கமே கிடையாது.”

“உடும்புன்னு எழுத ஒரு கோடு கூடவா இல்ல?”

“மெயின்லேண்ட்ல அச்சடிச்ச பாரம், அண்ணே. அங்க நீர்நாய் இருந்துச்சு, அடிச்சாங்க. இங்க பாரத்தை மட்டும் அனுப்பிட்டாங்க. கியா கரேங்கே, என்ன செய்யிறது?”

“அது எப்பிடிம்மா இருக்கும்?”

“முஜே கியா மாலூம், எனக்கென்ன தெரியும்? நானும் பாத்ததில்ல. அந்தா, சொவத்துல இருக்கு பாருங்க.”

சுவரில், குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த பூனை மாதிரி ஒன்று மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது. முத்துகிருஷ்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூண்டு கிடைத்தால் போதும், உள்ளே எது போகிறது என்று கூண்டுக்கா தெரியப்போகிறது என்று நினைத்தார். ‘ஆம்’ என்பதில் டிக் போட்டார். முப்பது வருட சர்வீஸில் ஒரு நாள்கூடப் பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர்.

மனு உள்ளே போன அரை மணி நேரத்தில், திருநாவுக்கரசு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் வந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு ஆறு மனுப் போட்டிருந்தார். ‘திட்டத்தில் பயனாளி ஒருவர்கூட இல்லையே, அதற்கு விளக்கம் தந்துவிட்டு மாற்றல் கேட்கவும்’ என்று ஆறு முறையும் பதில் வந்திருந்தது. இப்போது ஒரு பயனாளி, நீலப் பேனாவில், தெளிவான டிக்கோடு வந்திருக்கிறார்.

அடுத்த புதன்கிழமை குளக்கரைக்கு வந்தது கூண்டல்ல, ஷாமியானா. பின்னால் நாற்காலிகள், மைக்செட், பேனர், இரண்டு ஜீப். பேனரில் அதே துவட்டாத பூனை. ‘தீவுகளின் முதல் நீர்நாய்: பயனாளி பாராட்டு விழா’ என்று எழுதியிருந்தது. முத்துகிருஷ்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வெயில் தொண்ணூறைத் தாண்டியிருந்ததால் அவர் அதைக் கழற்றப் பார்த்தார், புகைப்படக்காரர் தடுத்துவிட்டார்.

திருநாவுக்கரசு மைக்கைப் பிடித்தார்.

“நீர்நாயே இல்லாத தீவில் நீர்நாய்த் திட்டம் எதற்கு என்று சில அறிவாளிகள் கேட்டார்கள். நான் வாதாடவில்லை. காத்திருந்தேன். திட்டம் முதலில் வந்தது. இன்று நீர்நாயும் வந்துவிட்டது! ஓர் இடத்தில் தொல்லையே இல்லாவிட்டால் அங்கே எதைத் தணிப்பது? அந்தக் குறையைப் போக்கிய திரு. முத்துகிருஷ்ணன் அவர்களுக்குத் துறை கடமைப்பட்டிருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாக நாங்கள் எந்தப் பணியும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாங்கள் தயார் நிலையில் இருந்தோம். தயார் நிலை என்பது சும்மா இருப்பது போலவே தோன்றும். அருகில் வந்து பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அதுதான் அதன் சிறப்பு.”

மணி பத்து. உடும்பு வந்தது.

ஷாமியானாவின் நிழலில் கொஞ்சம் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தது. முதல் வரிசைக்கு முன்னால் நடந்து போய், குளத்தில் இறங்கி, நான்கு கிலோ கட்லா ஒன்றைக் கவ்விக்கொண்டு கரையேறியது. கூட்டம் மொத்தமும் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டிவிட்டார்.

“சார்! அதான் சார், அதான்!” என்று முத்துகிருஷ்ணன் சால்வையோடு எழுந்தார்.

திருநாவுக்கரசு மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். “அது உடும்பு.”

“ஆமா சார். அதுதான் தின்னுது.”

“நாம் நீர்நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது திட்டத்துக்கு வெளியே. உட்காருங்கள், தேநீர் வரும்.”

அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில், ‘விழா நேரத்தில் நீர்நாய் எதுவும் தாக்கவில்லை, துறையின் வருகையே அச்சத்தை ஏற்படுத்தியிருக்கிறது’ என்று பதிவானது.

கூண்டு மறுவாரம் வந்தது. கோழி இருந்த அதே கூண்டு. இரண்டு இறகுகள் கம்பியில் ஒட்டியிருந்தன. ரிப்பன் வெட்டினார்கள். பிறகு கதவைச் சாத்தி, ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் திருநாவுக்கரசு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முத்துகிருஷ்ணன் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். “சார், கதவு பூட்டியிருந்தா எப்பிடி உள்ள போகும்?”

“திறந்திருந்தால் வேறு ஏதாவது போய்விடும். நீர்நாய்க் கூண்டில் உடும்பு மாட்டினால் அது அரசுப் பொருளைத் தவறாகப் பயன்படுத்திய குற்றம். உங்களைக் காப்பாற்றத்தான் பூட்டியிருக்கிறேன்.”

“நீர்நாய் வந்தா?”

“வந்ததும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மூன்று வேலை நாட்களில் சாவி வரும்.”

உடும்புக்குக் கூண்டு பிடித்துப்போயிற்று. இரும்பு வெயிலில் இதமாகச் சூடேறும். மீனைத் தின்று முடித்ததும் கூண்டின் மேல் ஏறி, நான்கு கால்களையும் பரப்பி, பதினொன்றரை வரைக்கும் படுத்திருக்கப் பழகியது. இதற்கு முன் பதினொன்றுக்கே போய்விடும். அரசின் திட்டத்தால் அதற்கு அரை மணி நேரம் ஓய்வு கூடியது.

வைகாசி பிறக்கும்போது தாய் மீன்கள் இருபத்து மூன்று.

“சட்டமும் வேணாம், சால்வையும் வேணாம்,” என்றாள் பேச்சியம்மா. “வலையைப் போடுங்க. இருக்கிறத அள்ளி நம்ம சிமெண்டுத் தொட்டியில விட்டு, மேல கம்பி வலைய மூடுவோம். நெருக்கமாத்தான் இருக்கும். வயித்துக்குள்ள இருக்கிறதுக்கு அது பரவாயில்ல.”

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முத்துகிருஷ்ணன் குளத்துக்குப் போனபோது, கரையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். ‘நீர்நாய் வாழ்விடம். குளத்தில் இறங்குதல், வலை வீசுதல், மீன்களை அகற்றுதல் தடை செய்யப்பட்டுள்ளது.’ பலகைக்குக் காவலாக ஓர் ஆளும் நின்றான். ஜீப்பில் உட்கார்ந்திருந்த திருநாவுக்கரசு இறங்கி வந்தார்.

“மீனை எடுத்துவிட்டால் நீர்நாய் எதைத் தின்னும்? பட்டினி கிடந்தால் வேறு இடத்துக்குப் போய்விடும். அது போய்விட்டால் நாம் யாரிடமிருந்து உங்கள் மீனைப் பாதுகாப்பது?”

முத்துகிருஷ்ணன் இதற்குப் பதில் யோசித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார். கேள்வி எங்கே ஆரம்பித்தது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு நிபுணர் வந்தார். பிரவீன்குமார். நீர்நாயைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய இளைஞர். ஐந்து நாள் குளத்தைச் சுற்றினார். கால் தடத்தை அளந்தார், எச்சத்தைக் கிண்டிப் பார்த்தார், கேமரா கட்டினார். ஐந்து நாளும் உடும்பு அவர் முன்னாலேயே வந்து தின்றுவிட்டுப் போனது. நல்ல பையன். ஆறாம் நாள் பேச்சியம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அங்கிள், இங்க நீர்நாயே இல்ல. உடும்புதான்.”

“தம்பி, இதைச் சொல்லத்தான் நான் ஒண்ணரை மாசமா அலையுறேன்!”

“அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடறேன்.”

எழுதினார். திருநாவுக்கரசு அதைப் படித்துவிட்டு, பிரவீன்குமாரைப் பரிதாபமாகப் பார்த்ததாக வைஜெயந்தி சொன்னாள். “தம்பி, இல்லை என்பது உங்கள் கருத்து. இருக்கிறது என்பது கோப்பு. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் ஒரே அர்த்தம்தான் உண்டு. இருந்தது, இப்போது இல்லை.”

அதற்கு அடுத்த வாரம் முத்துகிருஷ்ணனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ‘தீவுகளின் ஒரே நீர்நாய் தங்கள் குளத்தில் இருந்ததாகத் தாங்களே எழுத்து மூலம் தெரிவித்துள்ளீர்கள். தற்போது அதைக் காணவில்லை. அதை என்ன செய்தீர்கள்?’

தாய் மீன்கள் பதினான்கு. தென்மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. முத்துகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு விசாரணைக்குப் போனார்.

“சார், நான் தப்புப் பண்ணிட்டேன். அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல. பாரத்துல வேற எடம் இல்லாததால டிக் போட்டேன். அத அடிச்சிருங்க. தடையை எடுங்க. மீனை நான் பாத்துக்கிறேன்.”

“அடிப்பதா?” திருநாவுக்கரசு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். “இதை வைத்துக் காலாண்டு அறிக்கை போயிருக்கிறது. ஆண்டறிக்கையில் வண்ணப் பக்கம் வந்திருக்கிறது. அதற்கு உணவு ஒதுக்கீடு வந்து, அதைச் செலவும் செய்தாகிவிட்டது. அரசுப் பதிவேட்டில் ஏறிய ஓர் உயிர் சும்மா இறங்காது, ஐயா. இறந்தால் இறங்கும். இறந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் உங்கள் மேல் வழக்கு. எனக்கு அதில் விருப்பமில்லை, நீங்கள் நல்ல பயனாளி.”

முத்துகிருஷ்ணன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. வைஜெயந்தி டிபன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, மெயின்லேண்ட்ல இருந்து இங்க போஸ்டிங் வந்தவங்க பேரு ரெஜிஸ்டர்ல இருந்து எப்படி எறங்கும்?”

“செத்தா.”

“அரே, அப்படி யாரு செத்தா? எல்லாம் டிரான்ஸ்பர்ல போறதுதான்.”

முத்துகிருஷ்ணன் தலையைத் தூக்கினார்.

“நீர்நாய்க்கு டிரான்ஸ்பர் கேட்டு எழுதுங்க. சொந்தக் காரணம்னு போடுங்க. அந்த வார்த்தையைப் பாத்தா நம்ம டைரக்டர் சாப் மனசு தாங்க மாட்டாரு.”

அன்று மத்தியானமே மனு தயாரானது. ‘தங்கள் பதிவேட்டில் உள்ள நீர்நாய்க்குத் தீவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. மெயின்லேண்டில் வயதான தாய் தந்தையர் உள்ளனர். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. சொந்த ஆற்றுக்கே மாற்றல் அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.’ கீழே ‘நீர்நாய்க்காக’ என்று போட்டு முத்துகிருஷ்ணன் கையெழுத்திட்டார். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

திருநாவுக்கரசு மனுவை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவம், வாயில்லா ஜீவன்,” என்றார். “வயதான பெற்றோர் என்றால் எப்படி மறுப்பது? ஆனால் தனியாக அனுப்ப முடியாது. பொறுப்புள்ள ஓர் அதிகாரி கூடவே போக வேண்டும். போனால், அங்கே பழகும் வரைக்கும் கூடவே இருக்க வேண்டும். எத்தனை வருடமானாலும் சரி.”

அவருடைய ஆறு மனுக்களுக்கு வராத உத்தரவு, நீர்நாயின் ஒரே மனுவுக்கு எட்டே நாளில் வந்தது.

கப்பல் டிக்கெட்டும் வந்தது. நீர்நாய்க்குக் கேபினில் கீழ்ப்படுக்கை, அதிகாரிக்கு மேல்படுக்கை. அதைக் கேட்டதும் பேச்சியம்மா அரிசி களைவதை நிறுத்தினாள்.

“அருப்புக்கோட்டையில எங்க தாய்மாமா செத்தப்ப கப்பல்ல அடித்தளத்துப் பங்க் டிக்கெட்டுக்கு மூணு நாளு வரிசையில நின்னோம். பதினாறாம் நாளு காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியல. இல்லாத நாய்க்குக் கேபினா?”

“கீழ்ப்படுக்கை,” என்றார் முத்துகிருஷ்ணன்.

“வாய மூடுங்க. என்னைக்குக் கப்பலு?”

“வெள்ளிக்கெழம. பத்து மணிக்குக் கப்பல் ஜெட்டியில வழியனுப்பு விழாவாம். நான் பேசணுமாம். ஆபீஸ் மொத்தமும் வருது.”

“மொத்தமுமா?” என்றாள் பேச்சியம்மா. “பலகைக்குக் காவல் நிக்கிற ஆளுமா?”

“அவன்தான் மாலை பிடிக்கிறான்.”

வெள்ளிக்கிழமை ஹாடோ ஜெட்டியில், கூண்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கதவில் பூட்டு. கம்பிகளைச் சுற்றிப் பச்சைத் துணி. கூட்டத்தில் ஒரு குழந்தை துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லப்பா!” என்று கத்தியது. அதன் அப்பா அரசு ஊழியர். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, “அதுக்குக் கூச்சம், கண்ணு,” என்றார். கப்பல் ஊழியர்கள் நான்கு பேர் கூண்டைத் தூக்கினார்கள். கனம் இல்லாததைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசீதில் ‘ஒன்று, உயிருடன்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

திருநாவுக்கரசு கப்பல் படியில் நின்று பேசினார். “இந்தத் தீவில் எனக்கு எதுவும் புரிந்ததில்லை. இந்த மக்களின் தேவை என்ன என்று நான் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் என் நேர்மை பாதிக்கப்பட்டிருக்கும். நானும் இந்த நீர்நாயும் ஒரே நிலையில் இங்கே இருந்தோம். இருவரையும் யாரும் பார்த்ததில்லை. இருவருக்கும் ஒதுக்கீடு வந்துகொண்டே இருந்தது.” எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் அதுதான் முதல் உண்மை என்பதால் முத்துகிருஷ்ணனும் தட்டினார்.

அதே நேரத்தில் குளத்தில் பேச்சியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்து ரெங்கம்மாவும் ராணியும் வலையின் மறு முனையைப் பிடித்திருந்தார்கள். பத்து மணிக்கு உடும்பும் வந்தது. குளத்தில் மூன்று பெண்களைக் கண்டு கொஞ்சம் தயங்கியது. பேச்சியம்மா ஒரு வாளித் தண்ணீரை அதன் மூஞ்சியில் வீசி, “போடா அந்தப் பக்கம், ஆபீஸ் லீவு!” என்றாள். அது ஓடை வழியே போய்விட்டது. இரண்டு மாதத்தில் அதன் விஷயத்தில் எடுக்கப்பட்ட ஒரே நடவடிக்கை அதுதான்.

முத்துகிருஷ்ணன் சட்டையில் சாமந்தி இதழோடு வீடு வந்து சேர்ந்தபோது, சிமெண்டுத் தொட்டியின் மேல் கம்பி வலை மூடி, அதன் நாலு மூலையிலும் கருங்கல் வைத்திருந்தது.

“எத்தனை?” என்றார்.

“பதினொண்ணு. ஏழு பொட்டை, நாலு கெடா.”

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கறுத்த முதுகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்பின. நாற்பத்திரண்டில் பதினொன்று. ஆனாலும் போதும். ஒரு பொட்டை லட்சம் முட்டை இடும்.

மழை செவ்வாய்க்கிழமை இறங்கியது. கூரைத் தகரம் பிய்ந்துவிடும் போல அடித்தது. அடுத்த வாரம் மீன்களுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டார்கள். ஆறு பொட்டைகள் முட்டை விட்டன. பொரிப்பகத்துத் தொட்டிகளில் கண்ணும் வாலுமாக, கடுகை இறைத்தது போலக் குஞ்சுகள் துடித்தன. முத்துகிருஷ்ணன் சாப்பாட்டுத் தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் தபால்காரர் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். புதிய இணை இயக்குநரின் கையெழுத்து. கண்ணாடியை ஈரச் சட்டையில் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்:

‘தங்கள் குளத்தில் பணியாற்றிய நீர்நாய் மெயின்லேண்டில் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. அதன் இடமாற்றத்தால் இங்கே ஓர் இடம் காலியாகியுள்ளது. பதிலாக வேறொரு நீர்நாய் நியமிக்கப்படும். அது வந்து சேரும்வரை, இப்பணியில் முன்அனுபவம் உள்ளவர் என்ற முறையில், நீர்நாயின் பொறுப்புகளைத் தாங்களே கூடுதலாகக் கவனிக்குமாறு ஆணையிடப்படுகிறது. நாளொன்றுக்குத் தாய் மீன் ஒன்று என்ற இலக்கு குறையாமல், மாதந்தோறும் அறிக்கை அனுப்பவும்.’

பேச்சியம்மா பக்கத்தில் தாய் மீன் தொட்டி மேல் இருந்த வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப இனி நீங்கதான் நீர்நாயா?”

“தற்காலிகமாத்தான்,” என்றார் முத்துகிருஷ்ணன்.

“எப்பவிருந்து?”

“கடிதம் கையில கெடச்ச நேரத்துலருந்து.”

“சரி,” என்றாள். இன்னொரு கல்லைத் தூக்கி வலைமேல் வைத்தாள். “தட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள போய்ச் சாப்பிடுங்க. தொட்டிப் பக்கம் வரக்கூடாது.”